போரான் ஹைட்ரைடு உப்புகள்: ஸ்டாக்கின் புத்தகமும் பிரவுனின் உரையும்

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் போன மாதம் ஒரு கேள்வி கேட்டாள். "ஆல்டிஹைடு, கீட்டோன் ரெண்டையும் ஆல்கஹாலா மாத்துறதுக்கு அம்புக்குறி மேல சோடியம் போரோஹைட்ரைடுன்னு போட்டிருக்கு. எஸ்டருக்கு மட்டும் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு. ஏன்ப்பா?" எனக்குத் தெரியவில்லை. "அது வீரியம் கம்மி, இது வீரியம் ஜாஸ்தி, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டேன். இருபது வருடங்களுக்கு முன்னால் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சொல்லி முடித்ததுமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நான் வேதியியல் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தால் அதன் அடிவரைக்கும் போய்ப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. இந்த வலைப்பதிவை வாசிப்பவர்களுக்கு அது தெரியும். இந்த முறை அந்தப் பழக்கம் என்னை இரண்டு எழுத்துகளிடம் கொண்டுபோய் விட்டது. ஒன்று, ஆல்ஃப்ரெட் ஸ்டாக் 1933இல் வெளியிட்ட 'போரான், சிலிக்கான் ஹைட்ரைடுகள்' என்ற சிறிய புத்தகம். மற்றொன்று, ஹெர்பர்ட் சார்லஸ் பிரவுன் 1979 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரை. இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருட்களைப் பற்றியவை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது, அந்த உரையைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை. அம்மோனியம் அயனி, மீத்தேன், போரோஹைட்ரைடு அயனி மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றிலும் நடுவில் ஒரு அணு, சுற்றி நான்கு ஹைட்ரஜன். மூன்றிலும் மொத்தம் பத்து எலக்ட்ரான்கள், ஒரே நான்முகி வடிவம். வித்தியாசம் நடுவில் இருக்கும் அணுவில் மட்டும்தான். நைட்ரஜன் இருந்தால் நேர்மின், கார்பன் இருந்தால் மின்சுமை இல்லை, போரான் இருந்தால் எதிர்மின். அம்மோனியம் தன் ஹைட்ரஜனை எலக்ட்ரான் இல்லாமல், புரோட்டானாகக் கழற்றிக் கொடுக்கும். மீத்தேன் லேசில் எதையும் கொடுக்காது. போரோஹைட்ரைடு தன் ஹைட்ரஜனை இரண்டு எலக்ட்ரான்களோடு சேர்த்து, ஹைட்ரைடாகக் கொடுக்கும். ஆல்டிஹைடை ஆல்கஹாலாக மாற்றுவது அந்த ஹைட்ரைடுதான். பாடப்புத்தகத்தில் இந்த மூன்றையும் ஒரே வரியில் நிறுத்தியிருந்தால் என் மகளின் கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும்.

இப்போது ஸ்டாக். ஜெர்மானியர், 1876இல் பிறந்தவர். 1912 வாக்கில் போரான் ஹைட்ரைடுகளில் கை வைத்தார். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும், ஈரம் பட்டால் சிதையும், கண்ணாடிக் குழாயின் அடைப்பானில் தடவும் கிரீஸைக்கூட விட்டுவைக்காத பொருட்கள் இவை. எனவே அவர் காற்றே இல்லாத ஒரு கண்ணாடிக் குழாய் உலகத்தைக் கட்டினார். அடைப்பான்களுக்குப் பதிலாக பாதரசத்தால் இயங்கும் வால்வுகள். மெக்னீசியம் போரைடின் மேல் அமிலத்தை ஊற்றி, கிளம்பும் வாயுவைக் குளிரவைத்து, துளித்துளியாகப் பிரித்து, சுமார் இருபது வருடத்தில் ஆறு போரான் ஹைட்ரைடுகளை இனங்கண்டார். அந்த வால்வுகளின் பாதரச ஆவி அவர் உடம்பைக் கெடுத்தது. வருடக்கணக்காகத் தலைவலி, மறதி. 1924இல்தான் காரணம் புரிந்தது. 1926இல் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் எச்சரித்து எழுதினார்.

அவருடைய புத்தகம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளின் தொகுப்பு. வாசிக்க சுவாரசியமானது என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு வாயு வந்தது, என்ன வெப்பநிலை, என்ன அழுத்தம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு நல்ல சர்வர் லாக் ஃபைலை வாசிப்பது போல. ஆனால் அவர் அந்த எண்களுக்குக் கொடுத்த விளக்கங்களில் முக்கியமான சில தவறாகப் போயின. எனக்கு சுவாரசியம் தொடங்கியதே அங்கேதான்.

ஒரு உதாரணம். 1923இல் ஸ்டாக் டைபோரேனையும் அம்மோனியாவையும் சேர்த்து ஒரு வெள்ளைத் திடப்பொருளைப் பெற்றார். ஒரு மூலக்கூறு டைபோரேனுக்கு இரண்டு மூலக்கூறு அம்மோனியா. அம்மோனியாவோடு சேர்ந்து உப்பு உண்டாகிறது என்றால் எதிரே இருப்பது அமிலமாகத்தானே இருக்க வேண்டும்? எனவே டைபோரேன் இரண்டு புரோட்டான்களை அம்மோனியாவுக்குக் கொடுத்துவிட்டது என்று வைத்து, இரண்டு அம்மோனியம் அயனிகளும் ஹைட்ரஜன் குறைந்த ஒரு போரான் எதிரயனியும் கொண்ட உப்பு என்று எழுதினார். 1938இல் சிகாகோவில் ஷ்லெசிங்கரும் பர்கும் வேறொரு அமைப்பைச் சொன்னார்கள். அதிலும் ஒரு அம்மோனியம் அயனி இருந்தது. அதுவும் தவறு. 1958இல் பாரி, ஷோர் முதலியோர்தான் சரியான விடையைச் சொன்னார்கள். டைபோரேன் சமமாக உடையவில்லை, கோணலாக உடைந்திருக்கிறது. ஒரு போரான் நான்கு ஹைட்ரஜன்களையும் எடுத்துக்கொண்டு எதிரயனி ஆகிவிட்டது. இன்னொரு போரான் மிச்சமுள்ள இரண்டு ஹைட்ரஜனையும் இரண்டு அம்மோனியாவையும் வைத்துக்கொண்டு நேரயனி ஆகிவிட்டது. அந்த எதிரயனிதான் போரோஹைட்ரைடு.

இதை வாசித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 1923இலேயே அந்த அயனி ஸ்டாக்கின் குடுவைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பெயர் வைக்க ஆள் இல்லை.

இன்னொரு உதாரணமும் உண்டு. 1930களில் அவர் டைபோரேனை சோடியம் ரசக்கலவையோடு சேர்த்து ஒரு உப்பைப் பெற்றார். அதற்கு அவர் எழுதிய வாய்பாட்டில் இரண்டு சோடியம், இரண்டு போரான், ஆறு ஹைட்ரஜன். 1956இல் ஹஃப், எட்வர்ட்ஸ், மெக்எல்ராய் மூவரும் அதே வினையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கிடைத்தது ஒரே உப்பு இல்லை, கலவை. ஒன்று மூன்று போரான் கொண்ட எதிரயனியின் உப்பு. மற்றொன்று, வேறென்ன, சோடியம் போரோஹைட்ரைடு. ஆக, இரண்டாவது முறையும் அது அவர் கையில் இருந்திருக்கிறது.

ஏன் அவர் கண்ணில் படவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. போரானையும் சிலிக்கானையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டையும் கார்பனின் உறவுக்காரர்களாகப் பார்த்தார். கார்பன் வழியில் பார்த்தால் டைபோரேன் ஈத்தேன் மாதிரி இருக்க வேண்டும். ஈத்தேனில் ஏழு பிணைப்புகள், அதற்குப் பதினான்கு எலக்ட்ரான்கள். டைபோரேனில் இருப்பதோ பன்னிரண்டுதான். இந்தப் பற்றாக்குறைதான் போரானின் முழுக் கதையும். போரான் எலக்ட்ரானுக்குத் தவிக்கிறது. எனவே அது புரோட்டானைத் தானம் செய்யும் பொருளாக இருப்பதைவிட, எலக்ட்ரானோடு வரும் ஹைட்ரைடை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருளாக இருப்பதே இயல்பு. இன்றைக்கு உட்கார்ந்து சொல்வது சுலபம்தான். டைபோரேனின் நடுவில் இரண்டு ஹைட்ரஜன்கள் பாலம் போல நிற்கின்றன என்பது 1940களில்தான் உறுதியானது.

ஆனாலும் ஸ்டாக்கின் புத்தகம் சாகவில்லை. அவருடைய விளக்கம் போய்விட்டது, அவருடைய எடைகளும் அழுத்தங்களும் நின்றுவிட்டன. இன்ன எடை எடுத்தேன், இன்ன அளவு வாயு மிஞ்சியது என்று அவர் எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி 1936இல் சிகாகோவில் ஒரு மாணவருக்குப் பட்டமளிப்புப் பரிசாகப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவர் அவருடைய காதலி சாரா பேலன். பொருளாதார மந்தக் காலம். கடையில் இருந்த வேதியியல் புத்தகங்களிலேயே மலிவானது அதுதான், விலை 2.06 டாலர். அந்த மாணவர்தான் பிரவுன். தன் நோபல் உரையில் இந்தக் கதையை அவரே சொல்கிறார். நாற்பத்து மூன்று வருடம் கழித்து ஸ்டாக்ஹோமில் நின்று அதைச் சொல்லும்போது யாருக்குத்தான் பிடிக்காது?

உரையின் தலைப்பே சின்ன ஓக் விதைகளிலிருந்து நெடிய மரங்கள் வரை என்பதுதான். கதையும் அப்படியே வளர்கிறது. ஷ்லெசிங்கரின் ஆய்வகத்தில் டைபோரேன் அப்போது கிராம் கணக்கில்கூடக் கிடைக்காத அபூர்வம். 1940 வாக்கில் அதே ஆய்வகத்தில் அலுமினியம், பெரிலியம், லித்தியம் மூன்றின் போரோஹைட்ரைடுகளும் பிறந்துவிட்டன. பிறகு போர். யுரேனியம் ஐசோடோப்புகளைப் பிரிக்க எளிதில் ஆவியாகும் யுரேனியச் சேர்மம் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. யுரேனியம் போரோஹைட்ரைடைச் செய்து கொடுத்தார்கள். ஹெக்ஸாஃப்ளூரைடைக் கையாளும் சிக்கல் தீர்ந்துவிட்டது, இனி இது வேண்டாம் என்று பதில் வந்தது. அடுத்து ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு, களத்திலேயே ஹைட்ரஜன் தயாரிக்க ஒரு பொருள் கேட்டது. சோடியம் ஹைட்ரைடையும் மெத்தில் போரேட்டையும் சூடாக்கினால் சோடியம் போரோஹைட்ரைடு மலிவாக வரும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். கூடவே வரும் துணை உப்பிலிருந்து அதைப் பிரிக்க ஒரு கரைப்பான் தேவைப்பட்டது. அசிட்டோனை ஊற்றிப் பார்த்தபோது அது கரைக்கவில்லை, வினைபுரிந்தது. அசிட்டோன் ஆல்கஹாலாக மாறியிருந்தது. என் மகளின் பாடப்புத்தகத்து அம்புக்குறி இப்படிக் கரைப்பான் தேடப் போன இடத்தில் பிறந்தது. போர்க்கால ரகசியம் என்பதால் இதெல்லாம் 1953இல்தான் அச்சேறியது.

பிறகு உரையின் மிகச் சிறந்த இடம் வருகிறது. சோடியம் போரோஹைட்ரைடால் எஸ்டரை எளிதில் ஒடுக்க முடியாது. கூட அலுமினியம் குளோரைடு சேர்த்தால் முடியும். 1956இல் பிரவுனிடம் பணிபுரிந்த சுப்பா ராவ் என்ற இந்திய ஆய்வாளர், இந்தக் கலவையில் வெவ்வேறு எஸ்டர்கள் எவ்வளவு ஹைட்ரைடைச் செலவழிக்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். எஸ்டருக்கு இரண்டு பங்கு போக வேண்டும், ஸ்டியரேட்டில் அப்படியே போனது. ஓலியேட்டில் மட்டும் ஏறத்தாழ 2.4. மாதிரி சுத்தமில்லையோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். சுத்தமான மாதிரியிலும் அதே 2.4. ஓலியேட்டில் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு, ஸ்டியரேட்டில் கிடையாது. அந்த 0.4, போரான்-ஹைட்ரஜன் பிணைப்பு நேராக அந்த இரட்டைப் பிணைப்பின் குறுக்கே போய் உட்கார்ந்ததன் கணக்கு. ஹைட்ரோபோரேஷன் என்ற வினை இப்படித்தான் கண்ணில் பட்டது. பிரவுனின் நோபல் பரிசுக்கு ஆணிவேர் அதுதான்.

கவனியுங்கள், என் மகளின் கேள்விக்கு மிச்சப் பாதி பதிலும் இதே இடத்தில் இருக்கிறது. சோடியம் போரோஹைட்ரைடு எஸ்டரிடம் தயங்குகிறது. அதே அயனியை லித்தியத்தோடு வைத்தால் எஸ்டரை ஒடுக்கிவிடுகிறது. எதிரயனி மாறவே இல்லை, கூட நிற்கும் நேரயனி மட்டும்தான் மாறியது. சின்ன லித்தியம் அயனி எஸ்டரின் ஆக்சிஜனைப் பிடித்து இழுத்து, ஹைட்ரைடு வந்து மோத வசதி செய்து தருகிறது. சோடியம் போரோஹைட்ரைடு, குளிர்ந்த காரநீரில் கரைத்து வைக்கக்கூடிய சாதுவான வெள்ளைத் தூள். அலுமினியம் போரோஹைட்ரைடு, காற்றுப் பட்டதும் பற்றி எரியும் திரவம். அம்மோனியம் போரோஹைட்ரைடோ அறை வெப்பநிலையிலேயே சிதைந்துவிடும், புரோட்டான் கொடுப்பவனையும் ஹைட்ரைடு கொடுப்பவனையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் வேறென்ன ஆகும்? லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடில் லித்தியத்தின் உதவியும் உண்டு, போரானைவிட அலுமினியம் ஹைட்ரைடைச் சுலபமாகக் கைவிடுகிறது என்ற காரணமும் உண்டு. 'வீரியம் கம்மி, வீரியம் ஜாஸ்தி' அட்டவணை இதையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

சரி, அப்படியானால் பிரவுனின் உரைமேல் எனக்கு என்ன புகார்? இரண்டு.

ஒன்று, அந்த மர உவமை. விதைக்குள் மரம் ஏற்கெனவே இருக்கிறது, நேரமும் தண்ணீரும் போதும் என்று அது சொல்கிறது. ஆனால் அவரே சொல்லும் சம்பவங்கள் அப்படி இல்லை. கைவிடப்பட்ட யுரேனியத் திட்டம், தப்பாகப் போன கரைப்பான் தேடல், பொருந்தாத ஒரு எண். எந்த இடத்திலும் பாதை அறுந்திருக்கலாம். அந்த உவமைக்குள் ஸ்டாக்குக்கும் இடமில்லை, புத்தகம் கொடுத்த முன்னோராக மட்டும் வந்து போகிறார். அந்த அயனியை இரண்டு முறை கையில் வைத்திருந்து தவறவிட்டவர் என்ற கதை அங்கே கிடையாது. இருந்திருந்தால் 2.4இன் மதிப்பு இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும். கூடவே மரத்தின் இன்னொரு பெரிய கிளையும் மறைந்துவிடுகிறது. 1955இல் லாங்கே-ஹிக்கின்ஸும் ராபர்ட்ஸும் கணக்குப் போட்டு, பன்னிரண்டு போரான், பன்னிரண்டு ஹைட்ரஜன் கொண்ட இருபது முகக் கூண்டு ஒன்று நிலைக்க வேண்டுமானால் இரண்டு எலக்ட்ரான்கள் கூடுதலாக வேண்டும், அதாவது அது எதிரயனியாக இருக்க வேண்டும் என்றார்கள். 1960இல் பிட்டோச்செல்லியும் ஹாதார்னும் அதைச் செய்தே காட்டினார்கள். அதன் சீசியம் உப்பை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினாலும் அசையாது. ஸ்டாக்கின் ஹைட்ரைடுகளுக்குக் காற்றுப் பட்டாலே போதும், பற்றிக்கொள்ளும். அதே போரான், அதே ஹைட்ரஜன், இரண்டு எலக்ட்ரான் கொடுத்ததும் இந்த அமைதி. பற்றாக்குறைதான் கதை என்றேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. லிப்ஸ்கோம்புக்கு 1976இல் நோபல் கிடைத்ததும் போரேன்களின் இந்த அமைப்பு ஆராய்ச்சிக்குத்தான். ஒரு மனிதர் தன் வேலையைப் பற்றிப் பேச வந்த மேடை அது, எல்லாவற்றையும் சொல்லக் கட்டாயமில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த உரையையே போரான் வேதியியலின் வரலாறாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

இரண்டாவது புகார் கொஞ்சம் கனமானது. அந்த உரையில் வினைகள் முன்னோக்கி மட்டுமே ஓடுகின்றன. முடிந்தபின் போரான் என்ன ஆகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது போரேட் ஆகிறது. போரான் ஆக்சிஜனைப் பிடித்துவிட்டால் லேசில் விடாது. ராணுவம் கேட்ட அதே யோசனை 2001இல் ஒரு காராகத் திரும்பி வந்தது. கிரைஸ்லர் 'நேட்ரியம்' என்ற மாதிரி வேனைக் காட்டியது. தொட்டியில் சோடியம் போரோஹைட்ரைடு கரைசல், வினைவேகமாற்றியின் மேல் அதை ஓடவிட்டால் ஹைட்ரஜன். காகிதத்தில் அற்புதம். சுமார் 38 கிராம் தூளும் தண்ணீரும் 8 கிராம் ஹைட்ரஜன் தரும். அதில் பாதி தண்ணீரிலிருந்தே வருகிறது. ஆனால் தொட்டியில் மிஞ்சும் போரேட்டை மறுபடி போரோஹைட்ரைடு ஆக்க, கிடைத்ததைவிட அதிக ஆற்றலைக் கொட்ட வேண்டும். 2007இல் அமெரிக்க எரிசக்தித் துறைக்காக நடந்த மதிப்பீடு, வாகனங்களுக்கு இந்த வழி வேண்டாம் என்று முடித்தது. 1940களிலேயே தெரிந்திருக்கக்கூடிய கணக்குதான் இது. முன்னோக்கி மட்டும் அம்புக்குறி போட்டுப் பழகியவர்களுக்கு அது கண்ணில் படத் தாமதமாகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரவுன் அந்த 2.4ஐ உரையில் வைத்திருக்கிறார். ஸ்டாக்ஹோம் மேடையில் அதை நீக்கிவிட்டு 'நாங்கள் ஒரு புதிய வினையைக் கண்டோம்' என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பொருந்தாத எண்ணை மறைக்காமல் சொன்ன அந்த ஒரு பத்தியில் அவர் ஸ்டாக்கின் நேர் வாரிசு.

என் கதை வேறு. கல்லூரி லேபில் நாங்கள் எல்லோரும் விடையிலிருந்து பின்னோக்கி ரீடிங் எழுதினோம். 2.4 வந்திருந்தால் ரெக்கார்டு நோட்டில் 2.02 என்று எழுதியிருப்போம், சிவப்பு மையில் டிக்கும் வாங்கியிருப்போம். வேலைக்கு வந்த பிறகு, டெஸ்ட்டில் எப்போதாவது தோற்கும் ஒன்றை 'நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும்' என்று ஒதுக்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு அதற்கான விலையைக் கொடுத்ததும் உண்டு.

போன வாரம் மகள் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் ரீடிங்கோடு வந்தாள். மூன்றில் ஒன்று ஒத்துப்போகவில்லை. "மாத்திடவாப்பா? எல்லாரும் மாத்திட்டாங்க." பொதுத்தேர்வில் செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு, விடை நெருங்கி வந்தால்தான் முழு மதிப்பெண். நான் இந்தப் பதிவில் பேசிய வீரத்தையெல்லாம் அவளிடம் பேச முடியவில்லை. ஓலியேட் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரெக்கார்டில் எதை எழுதுவது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. ரஃப் நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே என்றேன்.